முழு ஸ்கேன் சுத்தம் என்கிறது, ஆனால் மூலையில் வைரஸ் எச்சரிக்கை ஓயவில்லை. எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

நீலவண்டு:

வணக்கம் நண்பர்களே. வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கணினி, விண்டோஸ் 11 ஹோம். அப்பா வங்கிக் கணக்கு பார்ப்பதும் அதில்தான், தம்பி கேம் ஆடுவதும் அதில்தான், என் வேலைக் கோப்புகள் சிலவும் அதில் கிடக்கின்றன. கொஞ்ச நாட்களாகத் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினியில் 5 வைரஸ்கள் உள்ளன", "பாதுகாப்பு இன்றுடன் முடிகிறது, உடனே புதுப்பிக்கவும்" என்று ஒன்று மாற்றி ஒன்று எட்டிப் பார்க்கிறது. நாங்கள் ஒருபோதும் போடாத ஒரு ஆன்டிவைரஸின் சின்னம் வேறு அதில். மூடினால் போகும், கொஞ்ச நேரத்தில் மறுபடி வரும். அப்பா ஒருமுறை அதை அழுத்தி, கார்டு எண் கேட்கும் பக்கம் வரை போய்விட்டார். நல்லவேளை, எண்ணைப் போடவில்லை.

விண்டோஸோடு கூடவே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரில் முழு ஸ்கேன் ஓடவிட்டேன், ஒன்றுமே இல்லை என்கிறது. முழு ஸ்கேன் என்றால் மணிக்கணக்கில் ஓடும் என்பார்கள், இது சீக்கிரமே முடிந்துவிட்டது. காசு கொடுத்து ஏதாவது ஆன்டிவைரஸ் வாங்கிவிடலாமா? இல்லை, இலவசமாக இன்னொன்றையும் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பாக இருக்குமா? இதெல்லாம் எதற்கு, பேசாமல் ஃபார்மட் பண்ணு என்கிறான் ஒரு நண்பன்.

பூனைக்கண்:

முதலில் ஒரு நிம்மதியான செய்தி. அந்த மூலை எச்சரிக்கை பெரும்பாலும் வைரஸே இல்லை, பிரவுசர் அறிவிப்பு. ஏதோ ஒரு தளம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்தவும்" என்று கேட்டிருக்கும், வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த நொடியிலிருந்து அந்தத் தளம் நினைத்தபோதெல்லாம் உங்கள் திரை மூலையில் எதை வேண்டுமானாலும் காட்டலாம், சின்னமும் வாசகமும் அதன் இஷ்டம். அடுத்த முறை வரும்போது அழுத்தாமல் உற்றுப் பாருங்கள்: சின்ன எழுத்தில் குரோம் அல்லது எட்ஜ் என்று பிரவுசரின் பெயர் இருக்கும், கூடவே மங்கலாக ஒரு இணைய முகவரியும் இருக்கும், வாயில் நுழையாத எழுத்துகளாக. உண்மையான டிஃபெண்டர் எச்சரிக்கை "விண்டோஸ் செக்யூரிட்டி" என்ற பெயரில் வரும், அழுத்தினால் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்புப் பக்கம்தான் திறக்கும். அது கார்டு எண் கேட்காது.

நிறுத்துவது சுலபம். பிரவுசரின் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் என்ற பகுதிக்குப் போய், அறிவிப்புகள் என்பதைத் திறந்தால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். அப்படியே "தளங்கள் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கக் கூடாது" என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுங்கள், வீட்டுக் கணினியில் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கும் சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்து, யார் போட்டது என்று தெரியாததைத் தூக்குங்கள்.

இதன் அண்ணன் ஒன்று உண்டு, அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். திரை முழுவதையும் பிடித்துக்கொண்டு, சத்தம் போட்டு, "கணினி பூட்டப்பட்டது, இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று வரும். அதுவும் வெறும் இணையப் பக்கம்தான். எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும், இல்லாவிட்டால் ஆல்ட் எஃப்4. அந்த எண்ணுக்கு அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர், தூரத்திலிருந்தே நம் கணினியை இயக்க உதவும் எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி ஏதாவது ஒன்றைப் போடச் சொல்வார். அவை நேர்மையான மென்பொருள்கள் என்பதால் ஆன்டிவைரஸ் பொதுவாகக் கண்டுகொள்ளாது, நாமே கணினியைத் தூக்கிக் கொடுத்ததாகிவிடும்.

வாங்குவதைப் பற்றி: நான் வாங்க மாட்டேன். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து டிஃபெண்டர் முழு ஆன்டிவைரஸாகவே கூட வருகிறது. இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரட்டைப் பாதுகாப்பு கிடைக்காது, வேறொன்று உள்ளே வந்ததும் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். புதுக் கணினியோடு வரும் சோதனைப் பதிப்பு காலாவதியாகி, அதுவும் வேலை செய்யாமல், வேறெதுவும் காவலில் இல்லாமல் கிடக்கும் கணினிகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

இரவுக்காவல்:

பூனைக்கண் சொன்னது அறிவிப்பைப் பொறுத்தவரை சரி. ஆனால் கேள்வியில் இன்னொரு வரி இருக்கிறது, எனக்கு அதுதான் உறுத்துகிறது: முழு ஸ்கேன் சீக்கிரமே முடிந்துவிட்டது என்கிறீர்கள். கேம்களும் கோப்புகளும் நிறைந்த கணினியில் அது சட்டென்று முடியாதே.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ் போய், கடைசி வரை கீழே இறங்குங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று இருக்கும். டிஃபெண்டர் பார்க்கக் கூடாத இடங்களின் பட்டியல் அது, சாதாரண வீட்டுக் கணினியில் காலியாக இருக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். தம்பி அண்மையில் என்ன போட்டான் என்றும் கேளுங்கள், திட்டாமல் கேளுங்கள். திட்டினால் பாதியைத்தான் சொல்வான், நமக்கு முழுசாக வேண்டும்.

நீலவண்டு:

இரண்டு பேருக்கும் நன்றி. அறிவிப்புப் பட்டியலில் அர்த்தமே இல்லாத முகவரிகள் சில இருந்தன, நீக்கிவிட்டேன், மூலை எச்சரிக்கை அதோடு நின்றுவிட்டது.

ஆனால் எக்ஸ்க்ளூஷன்ஸில் ஒரே ஒரு வரி இருக்கிறது: சி டிரைவ். அதற்குள் இருக்கும் ஃபோல்டர் எதுவும் இல்லை, மொத்த சி டிரைவும். யாரும் போடவில்லை என்கிறார்கள். தம்பியிடம் பொறுமையாகக் கேட்டதில், ஒரு கேமில் குறுக்கு வழியில் ஜெயிக்க உதவும் 'சீட்' நிரல் என்று சொல்லி ஒரு வீடியோவின் கீழே இருந்த இணைப்பிலிருந்து ஒரு ஜிப் இறக்கியிருக்கிறான். அதற்குப் பாஸ்வேர்டு இருந்ததாம், அதுவும் அங்கேயே எழுதியிருந்ததாம். "ஆன்டிவைரஸ் இதைத் தவறாக வைரஸ் என்று சொல்லும், அதனால் முதலில் அதை அணைத்துவிடுங்கள்" என்ற குறிப்பும் இருந்திருக்கிறது. ஓடவிட்டபோது அனுமதி கேட்டது, ஆம் என்று கொடுத்திருக்கிறான். ஒரு கறுப்புப் பெட்டி வந்து மறைந்தது, சீட் வேலை செய்யவில்லை, அவனும் விட்டுவிட்டான். இப்போது என்ன செய்வது?

இரவுக்காவல்:

அந்த ஒரு வரிதான் பதில். உள்ளே வந்தது அட்மின் அனுமதியோடு, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமையோடு வந்திருக்கிறது, வந்ததும் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் சி டிரைவையே சேர்த்துவிட்டது. விண்டோஸுக்குக் கட்டளை கொடுக்கும் பவர்ஷெல்லில் ஒரே வரியில் முடிகிற வேலை. வீட்டுக் காவலாளியை வாசலில் நிற்கவிட்டு, வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே என்று சொன்ன மாதிரி. ஸ்கேன் சுத்தம் என்றது அதனால்தான், பார்க்கவே இல்லையே.

ஜிப்புக்குப் பாஸ்வேர்டு ஏன் தெரியுமா? பூட்டிய ஜிப்பை மெயில் வடிகட்டியும் ஆன்டிவைரஸும் திறந்து பார்க்க முடியாது. பாஸ்வேர்டைப் பக்கத்திலேயே எழுதி வைப்பது உங்களுக்காக.

இப்போதே கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். மீதியை எல்லாம் கைபேசியில் செய்யுங்கள், இந்தக் கணினியில் ஒரு பாஸ்வேர்டு கூடத் தட்டாதீர்கள்.

இந்த மாதிரி சீட் பொட்டலங்களிலும், காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்கும் கிராக் பொட்டலங்களிலும் இப்போது அதிகம் வருவது இன்ஃபோஸ்டீலர் என்று சொல்லப்படும் வகை. ரெட்லைன், லும்மா என்று பல பெயர்கள். பழைய வைரஸ் மாதிரி கணினியைப் படுத்தாது, வேகம் குறையாது, கோப்பு அழியாது. ஓடிய சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், கார்டு விவரங்கள், குக்கிகள் எல்லாவற்றையும் அள்ளி அனுப்பிவிட்டு, பல சமயம் தன்னையே அழித்துக்கொள்ளும். இதில் குக்கிதான் பெரிய தலைவலி. நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான சீட்டு அது. அதை எடுத்துப் போனவன் பாஸ்வேர்டும் போட வேண்டாம், கைபேசிக்கு வரும் ஓடிபியும் அவனுக்குத் தேவைப்படாது. இரண்டடுக்குப் பாதுகாப்பு இருக்கிறதே என்று இந்த விஷயத்தில் நிம்மதியாக இருக்க முடியாது.

அதனால் வெறுமனே பாஸ்வேர்டு மாற்றினால் போதாது, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற பொத்தானையும் தேடி அழுத்த வேண்டும். முதலில் முதன்மை மின்னஞ்சல், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் மீட்பும் அங்கேதான் வந்து சேரும். மின்னஞ்சலில் மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையதுதானா, வரும் மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஏதாவது புதிதாக முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் இதைப் பார்ப்பதில்லை. அப்புறம் அப்பாவின் வங்கிக் கணக்கு. பாஸ்வேர்டை மாற்றுவதோடு வங்கிக்கும் தகவல் சொல்லி, பிரவுசரில் சேமித்த கார்டு இருந்தால் முடக்கி வேறு வாங்குவது நல்லது. வாட்ஸ்அப், டெலிகிராம் கணினியில் திறந்திருந்தால் கைபேசியில் இணைத்த சாதனங்கள் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். தம்பியின் கேம் கணக்கையும் விடாதீர்கள், திருடுபவர்கள் அதையும் விற்கிறார்கள். உங்கள் வேலைக் கணக்கு அந்தப் பிரவுசரில் திறந்திருந்தால் அலுவலகத்தில் இன்றே சொல்லிவிடுங்கள், சங்கடமாக இருந்தாலும்.

கல்தச்சன்:

கணக்குகள் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அடுத்து எல்லோரும் ஃபார்மட் என்று சொல்லப் போகிறீர்கள், அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த விலக்கை நீக்கிவிட்டு, டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடலாம். கணினி அணைந்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே தேடும், ஒளிந்திருப்பது தன்னை மறைத்துக்கொள்ள வழி இருக்காது. கால் மணி நேர வேலை. அதிலும் சந்தேகமென்றால் வேறொரு நிறுவனத்தின் ஒருமுறை ஸ்கேனர் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள், அது நிரந்தரமாக உட்காராது. இரண்டும் சுத்தம் என்றால் எதற்கு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

இரவுக்காவல்:

கல்தச்சன், வழக்கமான விளம்பரக் குப்பைக்கு நானும் அதைத்தான் சொல்வேன், அதற்கெல்லாம் ஃபார்மட் வேண்டாம். இங்கே அட்மின் அனுமதியோடு ஏதோ ஒன்று ஓடியிருக்கிறது, பாதுகாப்பை அணைத்திருக்கிறது. அது இன்னும் என்னென்ன செய்தது என்பதற்கு நம்மிடம் பட்டியல் இல்லை. நேரம் குறித்து ஓடும் ஒரு டாஸ்க் வைத்திருக்கலாம், தளத்தின் பெயரை வைத்து அதன் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருக்கலாம், பிரவுசரில் ஒன்றைச் செருகியிருக்கலாம். ஸ்கேனர் தனக்குத் தெரிந்ததைத்தான் பிடிக்கும். அப்பா வங்கி பார்க்கும் கணினியில் "அனேகமாகச் சுத்தம்" என்ற பதில் எனக்குப் போதாது.

நீலவண்டு, செய்முறை இதுதான். வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்ட் தரும் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் விண்டோஸை இறக்குங்கள். பென் டிரைவில் உள்ளதெல்லாம் அழியும், கவனம். பழைய கணினியிலிருந்து படங்கள், ஆவணங்கள் மட்டும் ஒரு வெளி டிஸ்கில் எடுங்கள். நிறுவி, கேம், ஜிப் எதையும் எடுக்காதீர்கள். நிறுவும்போது சி டிரைவின் பழைய பார்டிஷன்களை (டிஸ்கைப் பிரித்து வைத்த பகுதிகளை) நீக்கிவிட்டுக் காலி இடத்தில் போடுங்கள். லைசென்ஸ் கீ கேட்டால் இல்லை என்று தாண்டிப் போகலாம், இதே கணினியில் முன்பு ஆக்டிவேட் ஆனதுதான், இணையம் வந்ததும் தானாக ஆகிவிடும். பிரவுசரில் பழையதை எல்லாம் இறக்கித் தரும் சிங்க் வசதியைப் போடும்போது அவசரப்படாதீர்கள், பழைய எக்ஸ்டென்ஷன்கள் எல்லாம் அதோடு திரும்பி வந்து உட்காரும். பாஸ்வேர்டுகளைப் பிரவுசரில் சேமிக்காமல் தனி பாஸ்வேர்டு மேனேஜரில் வையுங்கள்.

தும்பிக்கை:

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போடுங்கள், இந்தக் கதையே இல்லை.

பூனைக்கண்:

தும்பிக்கை, அந்த மூலை அறிவிப்பு லினக்ஸிலும் அப்படியே வரும், கார்டு எண் கேட்கும் பக்கமும் வரும். ஆப்பிளின் மேக்குக்கு வைரஸ் வராது என்ற பேச்சும் 2012இல் ஃப்ளாஷ்பேக் என்ற தீநிரல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்ததோடு முடிந்துபோனது. அப்பாவுக்கும் தம்பிக்கும் பழகியது விண்டோஸ், அதையே ஒழுங்காக வைத்துக்கொள்ளட்டும்.

நீலவண்டு, புதிதாகப் போட்டதும் நீங்கள் செய்ய வேண்டியதில் எனக்கு முக்கியமாகப் படுவது கணக்குகளைப் பிரிப்பது. எந்த ஆன்டிவைரஸ் வாங்குவதைவிடவும் இதற்குப் பலன் அதிகம். அட்மின் கணக்கு ஒன்று, அதன் பாஸ்வேர்டு உங்களுக்கு மட்டும். அப்பாவுக்கு, தம்பிக்கு, அன்றாட வேலைக்கு உங்களுக்கும்கூட, தனித்தனி சாதாரணக் கணக்கு. அப்போது கணினியில் எதையாவது ஆழமாக நிறுவ வேண்டுமென்றால் வெறும் ஆம் என்று அழுத்தினால் போதாது, உங்கள் பாஸ்வேர்டு கேட்கும். அந்தச் சீட் இந்த ஏற்பாட்டில் வந்திருந்தால் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலைத் தொட்டிருக்க முடியாது. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன்: சாதாரணக் கணக்கில் ஓடும் திருடனும் அந்தக் கணக்கின் பிரவுசரில் இருப்பதை எடுக்க முடியும். ஆனால் தம்பி கணக்கில் ஓடினால் அப்பாவின் வங்கிக் குக்கி அதன் கைக்கு எட்டாது.

அடுத்து அப்டேட். மறுபடி ரீஸ்டார்ட் கேட்கிறதே என்று தள்ளிப் போடுபவர்களுக்கு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை கதையைச் சொல்லுங்கள். 2017 மே 12ஆம் தேதி அது உலகம் முழுக்கப் பரவியபோது யாரும் எதையும் அழுத்த வேண்டியிருக்கவில்லை, வலையமைப்பு வழியாகத் தானே தாவியது. அந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டவர்கள் கணினிகளில் அது அப்படித் தாவவில்லை. வீட்டில் இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும், அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்பின் வால் பெயரைக் காட்டச் சொல்லுங்கள், விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கிறது. 2000இல் ஐலவ்யூ என்ற மின்னஞ்சல் வைரஸ் பரவியது இந்த மறைப்பை நம்பித்தான்: இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரியும், அதற்குப் பின்னால், திறந்தாலே ஓடும் நிரல் என்பதைக் காட்டும் விபிஎஸ் ஒளிந்திருக்கும். இன்றைக்கும் இன்வாய்ஸ் பிடிஎஃப் என்று வந்து எக்ஸ்இ-யில் முடிகிறவை நிறைய.

இன்னொன்று புதிது, 2024 முதல் கிளிக்ஃபிக்ஸ் என்ற பெயரில் சுற்றுகிறது. ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர்-ஐயும் அழுத்து (கட்டளை தட்டும் ரன் பெட்டி அதில்தான் திறக்கும்), அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர் என்று பக்கம் சொல்லும். நீங்கள் பெட்டியில் டிக் போட்ட நேரத்திலேயே கெட்ட கட்டளையைக் கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடத்தில்) வைத்திருக்கும், மூன்றாவது கீயில் உங்கள் கையாலேயே அதை ஓட்டிவிடுகிறீர்கள். நேர்மையான எந்தத் தளமும் உங்களை ரன் பெட்டியைத் திறக்கச் சொல்லாது. அப்பாவுக்குப் புரிய வைக்க ஒரு வரி போதும்: இணையப் பக்கம் கீபோர்டில் எதையாவது அழுத்தச் சொன்னால் மூடிவிடுங்கள்.

கல்தச்சன்:

சரி, இரவுக்காவல் சொன்ன காரணத்தை ஏற்கிறேன். ஆனால் பேக்கப்பை யாரும் பேசவில்லையே. கோப்பைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் கணக்குப் பிரிப்பு உங்கள் சொந்தப் படங்களைக் காப்பாற்றாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்பது பழைய கணக்கு, இன்னும் அதற்கு மேல் நல்ல ஏற்பாடு இல்லை. வெளி டிஸ்கை பேக்கப் எடுக்கும்போது மட்டும் செருகுங்கள். எப்போதும் செருகியே கிடந்தால் அதையும் சேர்த்துத்தான் பூட்டும். கிளவுடில் சிங்க் ஆகிறதே என்று விட்டுவிடாதீர்கள், பூட்டிய கோப்பும் அப்படியே சிங்க் ஆகும். பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதி உங்கள் சேவையில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். ஏற்கெனவே பூட்டிவிட்டதென்றால் நோ மோர் ரான்சம் தளத்தில் சாவி கிடைக்கிறதா என்று பார்க்கலாம், ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலும் டச்சு காவல்துறையும் சில பாதுகாப்பு நிறுவனங்களும் 2016இல் தொடங்கியது. சில வகைகளுக்குத்தான் கிடைக்கும்.

நீலவண்டு:

வங்கிக்குச் சொல்லியாகிவிட்டது, மின்னஞ்சல்களில் எல்லா இடத்திலிருந்தும் வெளியேறியாகிவிட்டது. விண்டோஸைப் புதிதாகப் போட்டு மூன்று சாதாரணக் கணக்கும் ஒரு அட்மினும் வைத்துவிட்டேன். எக்ஸ்க்ளூஷன்ஸ் காலி. இரண்டு சின்னக் கேள்விகள் பாக்கி. டிஃபெண்டர் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? தம்பி அடுத்த முறை எதையாவது இறக்கினால் திறக்கும் முன்பே பார்க்க வழி உண்டா?

பூனைக்கண்:

முதல் கேள்விக்கு ஐகார் சோதனைக் கோப்பு இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரி, எந்தத் தீங்கும் செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் எல்லாம் அதை வைரஸ் என்று பிடிக்க வேண்டும் என்று பொதுவாக ஒப்புக்கொண்டது. ஐகார் தளத்திலிருந்து இறக்க முயன்றாலே டிஃபெண்டர் பாய வேண்டும். சும்மா இருந்தால் எங்கேயோ கோளாறு.

இரண்டாவதற்கு வைரஸ்டோட்டல். கோப்பை ஏற்றினால் பல டஜன் ஆன்டிவைரஸ்களின் கருத்தை ஒரே பக்கத்தில் காட்டும். அப்பாவின் வங்கி ஆவணம் மாதிரி எதையும் அங்கே ஏற்றிவிடாதீர்கள், ஏற்றியதைப் பாதுகாப்பு நிறுவனங்கள் எடுத்துப் பார்க்க முடியும். பாஸ்வேர்டு போட்ட ஜிப்பை அப்படியே ஏற்றினால் பெரும்பாலும் சுத்தம் என்றே வரும், அதை நம்பக் கூடாது. சில திருட்டுக் கோப்புகளை வேண்டுமென்றே வெற்று எழுத்தால் ஊதி, ஸ்கேனர்கள் ஏற்காத அளவுக்குப் பெரிதாக்கி வைப்பார்கள். ஒரு சின்ன சீட் நூற்றுக்கணக்கான எம்பி இருந்தால் ஏற்றிப் பார்க்கக்கூட வேண்டாம், அழித்துவிடச் சொல்லுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எதற்கும் அதே கதிதான்.